பல்பொடிக்கு எந்த மிஷின்?

“இது வாய்க்குள்ள போறதாத்தா, மேலுக்குப் போடுறதா?”

மாவு மில்லில் பாக்கியம் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டு ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. இன்னும் எனக்குச் சரியான பதில் தெரியவில்லை.

அது தை மாதக் கடைசி. விராலிமலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற அந்த மில்லில் காலை பத்து மணிக்கே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பொங்கல் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டால், மிளகாயும் மல்லியும் காயவைத்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே நாளில் வந்துவிடுவார்கள். காற்றெல்லாம் மிளகாய் நெடி. ஆளுக்கு ஒரு தும்மல். பாக்கியம் அக்கா மட்டும் தும்மவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, புருவமெல்லாம் மாவாக, மிஷின்களுக்கு நடுவில் நின்றிருந்தார்.

அந்த மிஷின்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொத்தம் மூன்று. வாசலை ஒட்டி, அரிசி, கோதுமை, கேழ்வரகுக்கு ஒன்று. நடுவில், மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு ஒன்று. கடைசியில், தகரம் இறக்கிய மூலையில், சீயக்காய்க்கு ஒன்று. ஒன்றில் போட வேண்டியதை இன்னொன்றில் போட மாட்டார்கள். எங்கள் ஊரில் தூக்கு எடுத்துக்கொண்டு மில்லுக்கு ஓடுகிற பிள்ளைகளுக்குக்கூட அந்த ஒழுங்கு தெரியும்.

என் தூக்கில் இருந்தது இவை: காய்ந்த வேப்பிலை, கருவேலம்பட்டை, கொட்டை எடுத்த கடுக்காய், அதிமதுரம், கொஞ்சம் லவங்கப்பட்டை, எண்ணிப் போட்ட கிராம்பு, வறுத்த கல்லுப்பு.

அக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

“என்னத்தா, பிரியாணி மசாலாவா? வேப்பலை கெடக்கு?”

“பல்பொடிக்கா. எம்மகளுக்கு.”

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் புதுக்கோட்டையில் மூன்று வருஷம் வேதியியல் படித்தவள். எந்தக் குடுவையில் எதை ஊற்றலாம், எதை ஊற்றக் கூடாது என்று நோட்டு நோட்டாக எழுதியவள். மில் வாசலில் தூக்கையும் மிஷின்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“வாய்க்குள்ளதான்க்கா போகும். ஆனா முழுங்குறது இல்ல. துப்பிருவோம்.”

எனக்குப் பின்னால் மல்லிப் பையோடு நின்ற ஓர் அம்மா, “அப்ப வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போற விருந்தாளி” என்றார். வரிசை சிரித்தது.

பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு அது தொழில். “மாவு மிஷின்ல போட்டா அடுத்தாளு வீட்டு இடியாப்பம் பூராம் கிராம்பு அடிக்கும். மொளகா மிஷின்ல போட்டா ஒம்மக வாயி வெந்துபோகும். துப்புறதுதானே? அங்கிட்டு வா.”

அங்கிட்டு என்றால் தகரம் இறக்கிய மூலை.

எனக்குச் சற்று முன்னால்தான் ஒருவர் அதில் மூன்று கிலோ சீயக்காய் அரைத்துக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். ‘அக்கா, அதுல வேண்டாம்’ என்று தொண்டை வரை வந்தது. பின்னால் ஏழு பேர் காத்திருந்தார்கள். அக்கா தூக்கைக் கவிழ்த்துவிட்டார். நான் சொல்லவில்லை.

காலை ஏழரை மணி

மித்ராவை இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: என் ஒரே மகள். அப்போது யு.கே.ஜி., ஐந்து வயது ஆகவில்லை. அவள் அப்பா கத்தாரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், அவள், என் மாமியார் மூன்று பேர். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன்.

மித்ராவுக்குப் பல் விளக்குவதென்றால் பிடிக்காது என்பதல்ல விஷயம். நுரைதான் ஆகாது. பேஸ்ட் வைத்த பிரஷ் உள்ளே போய் இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் நுரை பெருகும். கண் பிதுங்கும். தோள் குலுங்கும். குடித்த பால் முழுக்க என் கைமேல் வந்துவிடும். ஏழே முக்காலுக்கு வேன் ஹாரன் அடிக்கும். ஈரத் துண்டால் அவள் சட்டையைத் துடைத்தபடி நான் வாசலுக்கு ஓடுவேன்.

ஸ்ட்ராபெரி வாங்கினேன். ஆரஞ்சு வாங்கினேன். கரடி படம் போட்டது வாங்கினேன். அவள் அப்பா, ஊருக்கு வந்த நண்பர் கையில் பளபளவென்று ஒரு டியூப் கொடுத்தனுப்பினார். வாசனைதான் மாறியது. நுரை மாறவில்லை.

ஒரு நாள் விட்டுவிட்டேன். ‘இன்னைக்கு மட்டும் தண்ணியில கொப்பளிச்சிட்டுப் போ’ என்றேன். அவ்வளவு அமைதியான காலையை நாங்கள் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு நாள், ஒரு வாரம் என்று ஆரம்பித்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. பால் பல்தானே, விழுந்து முளைக்கப் போகிறதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் முறுக்கைக் கடித்தவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி.

பட்டாணி அளவு

புதுக்கோட்டையில் பல் டாக்டரைப் பார்க்கப் போனோம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. நாற்காலியைச் சாய்த்து, மித்ராவின் வாயைப் பார்த்து, இரண்டு பல்லையும் அடைக்க வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பால் பல்தானேன்னு விட்டிருப்பீங்க.”

நான் எனக்குள் சொல்லிக்கொண்ட வார்த்தை அப்படியே அவர் வாயிலிருந்து வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

“இன்னும் அஞ்சாறு வருஷம் வாயில இருக்க வேண்டிய பல்லும்மா இது. ரெண்டு வேளை தேய்க்கணும். பட்டாணி அளவு பேஸ்ட் போதும். அவ கையில குடுக்காதீங்க, நீங்க தேய்ச்சுவிடுங்க.”

அங்கேயே செய்து காட்டினார். அங்கேயே மித்ரா வாந்தி எடுத்தாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கோபப்படாமல், “சரி, முதல்ல பிரஷ்ஷுக்குப் பழகட்டும். பேஸ்ட் இல்லாட்டியும் பிரஷ் தினமும் பல்லுல படணும். ஒண்ணுமே படாம இருக்கிறதுதான் பெரிய தப்பு” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மித்ரா மடியில் தூங்கிவிட்டாள். இலுப்பூர் தாண்டுவதற்குள் போனில் நான்கு வரி எழுதிவைத்தேன். நுரை வரக் கூடாது. எரியக் கூடாது. தவறி முழுங்கினாலும் நான் பதறாத பொருளாக இருக்க வேண்டும். பிள்ளை அதைத் தானாகக் கேட்க வேண்டும்.

நாலாவது வரியை எழுதிவிட்டு அழித்தேன். பிறகு மறுபடி எழுதினேன்.

மயில் மிதித்த வேப்பிலை

மலையடிவாரத்தில் இருக்கும் நாட்டு மருந்துக் கடையில் சாமான் வாங்கினேன். கடுக்காயின் கொட்டையை எடுத்துவிட்டு மேல்தோலை மட்டும்தான் போட வேண்டும் என்று கடைக்காரர் மூன்று முறை சொன்னார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

வேப்பிலையை அலசி, மாடியில் நிழல் விழுகிற பக்கமாக என் கணவரின் பழைய வேட்டியை விரித்துக் காயப்போட்டேன். எங்கள் ஊரில் மாடி என்பது பாதி நமக்கு, பாதி மயிலுக்கு. சோறு வடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், வேட்டியின் நடுவில் ஒரு மயில், வீட்டுக்குச் சொந்தக்காரர் மாதிரி நின்றிருந்தது. இலையெல்லாம் சீய்த்துப் போட்டிருந்தது. அதோடு நிற்காமல் ஓர் ஓரத்தில் அசிங்கமும் பண்ணியிருந்தது.

அத்தை படியேறி வந்து பார்த்தார். “மிதிச்சிருக்கு, ஆனா ஒரு வாய் திங்கல. மயிலே வேணாங்குது. யோசிச்சுக்க.”

அத்தையைப் பற்றி நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. மூலிகை, கைவைத்தியம் என்றெல்லாம் யாராவது பேசினால் எழுந்து போய்விடுவார். நான் பொடி செய்யப் போகிறேன் என்றதும் வீட்டில் முதல் எதிர்ப்பு அவரிடமிருந்துதான்.

“இங்க பாரு” என்று உதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பல்லெல்லாம் ஓரம் தேய்ந்து, ஒரே மட்டமாக இருந்தன. “அடுப்புக்கரியும் செங்கப்பொடியும் போட்டுத் தேச்ச வாயி இது. இன்னைக்கும் பச்சத்தண்ணி குடிச்சா மண்டை வரைக்கும் கூசுது. பேஸ்ட்டு வந்தன்னைக்குத்தான் எனக்கு விடிஞ்சது. நீ திரும்ப அங்கிட்டே போறேங்குற.”

“அத்தை, இது கரி இல்ல.”

“பொடி பொடிதானே.”

அந்த வார்த்தையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. போனில் ஐந்தாவது வரி சேர்ந்தது: உரசக் கூடாது. டால்கம் பவுடர் மாதிரி இருக்க வேண்டும்.

மயில் மிதித்த இலையைக் கொட்டிவிட்டு வேறு இலை காயவைத்துச் செய்தேன். முதல் தடவை கிராம்பு அதிகமாகிவிட்டது. மித்ரா கண்ணாடிக்கு முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, நாக்கு காணாமப் போச்சு” என்றாள். மரத்துப்போயிருந்தது. நான் பயந்து, அரை மணி நேரம் அவளைப் பேசவைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது தடவை வேப்பிலை கசந்தது. மூன்றாவது தடவை அதிமதுரத்தைக் கூட்டினேன். அதை வாயில் வைத்ததும் அவள் துப்பவில்லை. சப்பினாள்.

மிக்ஸி ஜாரைப் பற்றி ஒரு வார்த்தை. என்ன கழுவியும் கிராம்பு வாசனை போகவில்லை. அத்தை இட்லியைச் சட்னியில் தொட்டு ஒரு வாய் வைத்துவிட்டு, “சட்னி சாப்புட்டா பல்லு வெளக்குன மாதிரி இருக்கு. ரெண்டு வேலையும் முடிஞ்சுபோச்சு” என்றார்.

நான்காவது முறை செய்த பொடியில் ஒரு நாள் காலை, மித்ரா ஒரு முழு நிமிஷம் வாயைத் திறந்து வைத்திருந்தாள். நான் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். நுரை இல்லை, குமட்டல் இல்லை. துப்பினாள். கொப்பளித்தாள். வேன் வருவதற்குப் பத்து நிமிஷம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேரும் வாசலில் போய் நின்றோம்.

இன்னும் ஒரே ஒரு குறைதான். “மண்ணு மாதிரி இருக்கும்மா” என்றாள். மிக்ஸியில் கடுக்காய் நைசாகவே ஆகாது. வேட்டித் துணியில் மூன்று முறை சலித்தும் விரலில் நெருடியது. எனக்கு அத்தையின் முன்பல் ஞாபகம் வந்தது.

மில்லில் கொடுத்தால்தான் சரிப்படும். ஆனால் மில்லில் ஒரு பிடி சாமானை அரைக்க மாட்டார்கள், மிஷினிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். அதற்குள் மித்ராவைப் பார்த்து எங்கள் தெருவில் மூன்று வீட்டில் கேட்டிருந்தார்கள். நான்கு வீட்டுக்குமாகச் சேர்த்துக் காயவைத்து, இந்த முறை மயில் வராமல் கூடத்து ஃபேனுக்குக் கீழே காயவைத்து, தூக்கில் போட்டுக்கொண்டு போய் பாக்கியம் அக்கா முன்னால் நின்றேன்.

நான்கு டப்பா

மில்லிலிருந்து வந்த பொடி அப்படி ஒரு நைஸ். சலித்தால் துணியில் ஒன்றுமே தங்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு டப்பா எடுத்து நிரப்பினேன். பெயர் எழுதி ஒட்டினேன். மருந்து பாட்டிலில் ஒட்டுகிற மாதிரி, உட்கொள்ள என்றா, வெளிப்பூச்சு என்றா போடுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதுவும் எழுதாமல் விட்டுவிட்டேன்.

மித்ரா தேய்த்துப் பார்ப்பதற்கு முன்னால், அன்று சாயங்காலமே, மூன்று வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பெருமை அப்படி. நாளை வரை பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை மித்ரா ஆசையாக வாயைத் திறந்தாள். இரண்டு இழுப்புதான். என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அம்மா, நொரை.”

“இல்லடா. இதுல வராது.”

“நொரை.”

உதட்டோரம் வெள்ளையாக வந்தது. என் விரலில் பொடியைத் தொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். குளியலறையில் ஞாயிற்றுக்கிழமை வரும் சீயக்காய் வாசனை. கிராம்பு அதை முந்தின நாள் முழுக்க மூடிவைத்திருந்தது.

மித்ரா வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிவிட்டபோது அழவில்லை. என்னை நேராகப் பார்த்து, “நீ நொரை வராதுன்னு சொன்னே” என்றாள்.

வேன் போனதும் டப்பாக்களைத் திரும்ப வாங்கக் கிளம்பினேன். கோணலாக முடிந்த காரியத்தைச் சொல்லிக்கொண்டு தெருவில் நடப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அன்று தெரிந்தது. முதல் வீடு, ஓய்வு பெற்ற டீச்சர். நான் சொல்லி முடிக்கிறவரை கேட்டார். டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு என் முன்னாலேயே வாயைக் கொப்பளித்தார். இரண்டாவது வீட்டில் இன்னும் திறக்கவே இல்லை. அவர்களுக்கு என் கும்பிடு.

மூன்றாவது, பக்கத்து வீட்டு சரசு அக்கா. தர மாட்டேன் என்றார்.

“எதுக்குத்தா திருப்பிக் கேக்குற? எங்க வீட்டுக்காரரு கடை பேஸ்ட்டு தோத்துச்சுன்னு சொல்லிட்டுப் போறாரு. நொரையும் நல்லா வருதே.”

உண்மையைச் சொன்னேன். சரசு அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அதான் மீசையெல்லாம் மினுமினுன்னு இருந்துச்சா. இருக்கட்டும்த்தா. வெள்ளிக்கெழமை தலைக்கு ஊத்துறப்ப பல்லையும் சேத்து வெளக்கிக்குறோம்.”

வீட்டுக்கு வந்தால் அத்தை கேட்டார், “நொரை வந்துச்சாமே? அப்ப எனக்கு ஒரு டப்பா குடு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் காலை நான் பிரஷ்ஷை எடுத்ததும் மித்ரா உதட்டை இறுக்கிக்கொண்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். ஐந்து நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. பேஸ்ட் நுரைக்கும் என்று அவளுக்கு எப்போதும் தெரியும். அம்மா சொன்னதும் நுரைக்கும் என்று இப்போது தெரிந்துகொண்டாள்.

கடைசி ஆள்

ஆறாவது நாள், புதிதாகக் காயவைத்த சாமானோடு மில்லுக்குப் போனேன். சண்டைக்கு இல்லை. சரியான கேள்வியைக் கேட்டவர் அவர். அரைகுறையாகப் பதில் சொன்னவள் நான்.

“நான் கேட்டேனேத்தா. நீதானே துப்புறதுன்னே” என்றார் பாக்கியம் அக்கா.

“முழுங்குறதுன்னே வச்சுக்கங்கக்கா.”

அவர் துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். யோசிக்கிறார் என்று அர்த்தம்.

“அப்பச் சரி. சாயங்காலம் வா. மாவு மிஷின்ல கடைசி ஆளாப் போடுவோம். முன்னாடி ரெண்டு பிடி பச்சரிசி ஓட்டணும், பின்னாடி ரெண்டு பிடி ஓட்டணும். அரிசி நீதான் கொண்டாரணும். காலையில மொத ஆளு இடியாப்பத்துக்கு வந்து என்னையத் திட்டக் கூடாது பாரு.”

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு என் தூக்கு மட்டும் மிச்சம். முதல் அரிசி ஓடியது. பிறகு பொடி. இளஞ்சூடாகப் பையில் விழுந்தது. இந்த முறை வீடு வரை காத்திருக்கவில்லை. அங்கேயே விரலில் எடுத்துப் பல்லில் தேய்த்தேன். அக்கா தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். வாசலில் துப்பிவிட்டுப் பார்த்தேன்.

“நொரை இல்லக்கா.”

“இங்க கொண்டா” என்று அவரும் ஒரு விரல் தொட்டுத் தேய்த்தார். நாக்கைச் சுழற்றினார். “இனிக்குதே. ஒரு பொட்டலம் இங்கிட்டும் வச்சுட்டுப் போ.”

கடைசியில் ஓட்டிய அரிசி மாவு கிராம்பு வாசனையோடு வந்தது. சமையலுக்கு ஆகாது. நான்கு நாள் அதில்தான் எங்கள் வாசலில் கோலம் போட்டேன். எறும்புகள் அந்த நான்கு நாளும் யோசித்து யோசித்து நடந்தன.

மறுநாள் காலை மித்ராவிடம் பிரஷ்ஷை நீட்டவில்லை. நான் பொடியை எடுத்து, அவள் முன்னால் உட்கார்ந்து, என் பல்லைத் தேய்த்தேன். அவள் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு போய் என் செல்போனை எடுத்துவந்தாள்.

“ஆ காட்டு.”

காட்டினேன். டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நாக்குக்கு அடியில். நான் அவளுக்கு எப்படியெல்லாம் பார்ப்பேனோ அப்படியே. என் வாயில் பொடி கரைந்து கடைவாய் வழியாக இறங்கியது. நான் அசையவில்லை.

“நொரை இல்ல” என்று சொல்லி டார்ச்சை அணைத்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து ஒரு நாள் விடவில்லை. காய்ச்சல் கண்ட நாளில்கூட விடவில்லை. வீடியோ காலில் அப்பாவிடம் பல்லைக் காட்டி, “இது அம்மா பொடி” என்று சொல்வாள். வேனில் வருகிற பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். அவர்களுடைய அம்மாக்கள் என்னிடம் கேட்டார்கள். வாழ்க்கையில் நான் எடுத்த மார்க், வாங்கிய பட்டம் எதையும்விட, ஐந்து வயதுகூட நிரம்பாத பிள்ளை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எனக்குக் கொடுத்த அந்தச் சான்றிதழ்தான் பெரிது. இதை எழுதும்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது. மறைக்கவில்லை.

அதே நாற்காலி

போன மாதம் மறுபடியும் அதே டாக்டரிடம் போனோம். மித்ரா தானாக ஏறிப் படுத்தாள். டாக்டர் கண்ணாடிக் குச்சியை வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார்.

“புதுசா சொத்தை எதுவும் இல்ல. அன்னைக்கு அடைச்சதும் அப்படியே இருக்கு. ஈறு நல்லா இருக்கு. யாரு பல் தேய்க்கிறா?”

“அம்மா. கடைசியில மட்டும் நான்” என்றாள் மித்ரா.

நான் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். எடுக்கத் தயாராகத்தான் கொண்டுபோயிருந்தேன். டாக்டர் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தார். என்னென்ன போடுகிறேன் என்று கேட்டார். எப்படிச் சலிக்கிறேன் என்று கேட்டார். மில் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

“அழுக்கு எடுக்கிற வேலையை நல்லாப் பண்ணியிருக்கீங்க. பிரஷ்ஷைக் கண்டா ஓடின பிள்ளையை இங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க. அது பெரிய விஷயம்.” பிறகு டப்பாவை மூடி என்னிடம் கொடுத்தார். “ஆனா சொத்தை வராமக் காக்கிற ஃபுளோரைடு இதுல இல்லையே. ஏற்கெனவே ரெண்டு சொத்தை வந்த வாய். பின்னாடி பாருங்க, நிலையான கடைவாய்ப் பல் முளைக்குது. அது போனா திரும்ப வராது. காலையில பொடி வச்சுக்கங்க. ராத்திரி சாப்பிட்டதும் பேஸ்ட்டுக்கு மாத்துங்க. இப்ப அவளுக்கு முடியும்.”

எனக்குத் தெரியாத விஷயத்தை அவர் சொல்லவில்லை. என் கல்லூரி நோட்டில் ஃபுளோரைடுக்கு ஒரு பக்கமே இருந்தது. போனில் நான்கு வரி எழுதியபோது, ஐந்தாவது வரி சேர்த்தபோது, நான்கு வீட்டு டப்பாவுக்குப் பெயர் ஒட்டியபோது, அந்தப் பக்கம் மட்டும் என் ஞாபகத்துக்கு வரவில்லை.

நுரை குறைவாக வரும் பேஸ்ட் ஒன்றை அவரே எழுதிக் கொடுத்தார். வாங்கினேன். அன்றே சாப்பிட்டதும் டியூப்பைத் திறந்தேன். மித்ரா மோந்து பார்த்துவிட்டு, “எனக்கு இது வேணாம். நீ செஞ்சதுதான் வேணும்” என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இதைத்தான் எழுத வேண்டுமா வேண்டாமா என்று மூன்று வாரமாக யோசித்தேன். சந்தோஷமாக இருந்தது. டியூப்பை மூடி வைத்துவிட்டுப் பொடி டப்பாவை எடுத்தேன். அடுத்த வாரம் ஒரு முறை, அதற்கடுத்த வாரம் ஒரு முறை. மூன்று முறை திறந்து மூன்று முறை மூடியிருக்கிறேன். அந்த மூன்று முறையும் பிள்ளை வாந்தி எடுக்கவில்லை, அழவும் இல்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான். நான்தான் சீக்கிரம் விட்டுவிட்டேன்.

பால் பல்தானே என்று ஒரு முறை விட்டேன். பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள் என்று மில்லில் ஒரு முறை விட்டேன். இந்த முறை அவசரப்படுத்த வேனும் இல்லை, வரிசையும் இல்லை. என் பெருமை ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. உள்ளே முளைக்கிறது நிலைப்பல்.

இதை ஒரு தோழியிடம் சொன்னேன். “இத்தனை நாள் ஒண்ணும் ஆகலல்ல, அப்படியே விடு” என்றாள். அத்தையிடம் சொன்னேன். “நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்றார். இரண்டும் எனக்கு உதவவில்லை.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். பிள்ளையைப் பொடியிலிருந்து பேஸ்ட்டுக்கு மெதுவாக மாற்றியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். பட்டாணி அளவு வேண்டாம், முதலில் கடுகளவில் ஆரம்பித்தீர்களா? நீங்கள் முதலில் தேய்த்து, பிள்ளையின் கையில் டார்ச்சைக் கொடுத்தீர்களா? ‘நீ செஞ்சதுதான் வேணும்’ என்று பிள்ளை சொன்னபோது, முகத்தை எப்படி வைத்துக்கொண்டீர்கள்? முக்கியமாக அதை எழுதுங்கள்.

டியூப் கண்ணாடிக்குக் கீழே, பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டப்பாவில் பொடி பாதிதான் இருக்கிறது. அது தீர்வதற்குள் எழுதுங்கள். தீர்ந்துவிட்டால் நான் தூக்கை எடுத்துக்கொண்டு மறுபடியும் மில்லுக்குப் போய்விடுவேன்.